இரவை இரவாக விட்டு

பாஸ்கா திருவிழிப்பின் தொடக்கத்தில் ஆலய விளக்குகள் அனைத்தும் அணைக்கப்படுகின்றன. முற்றத்தில் மந்திரிக்கப்பட்ட புதுத்தீயில் ஏற்றிய பாஸ்கா திரி இருளுக்குள் நுழைகிறது. அதிலிருந்து ஒருவர் திரியால் அடுத்தவர் திரியென்று சுடர் பரவுகிறது. நிழற்படம் எடுப்போரை ஆண்டு முழுவதிலும் மிகுதியாகக் கவர்வதும், மிகுதியாக ஏமாற்றுவதும் இந்தச் சில மணித்துளிகளே.

எங்கள் பங்கில் படமெடுக்கும் பொறுப்பு சகோதரர் எங்கள் இருவருடையது. 2013ஆம் ஆண்டுத் திருவிழிப்பில், வழக்கம்போல் ஃபிளாஷ் விளக்கைப் பொருத்திக்கொண்டு, பீடத்திற்கும் வாசலுக்குமாக ஓடி ஓடி எடுத்தோம். பிறகு பார்த்தால், முன்வரிசை முகங்கள் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்திருந்தன. பின்வரிசைகள் இருளில் மூழ்கியிருந்தன. தொலைவு இருமடங்கானால் ஃபிளாஷின் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திரிகளின் ஒளியோ எந்த முகத்திலும் இல்லை. எங்கள் அம்மா கண்களை இறுக மூடியிருந்தார்.

"ஜெபிக்கிற நேரத்துல மின்னல் வெட்டுற மாதிரி வெட்டுறீங்களேடா" என்றார் அவர்.

அச்சொல் எங்களைத் தைத்தது. இத்திருச்சடங்கு பல நூற்றாண்டுகள் சனிக்கிழமை காலையில்தான் நடைபெற்று வந்தது. பகல் வெளிச்சத்தில் பாஸ்கா திரியின் சுடர் எவ்வளவு தெரிந்திருக்கும்? 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதனை இரவில் நடத்தச் சோதனை முறையில் இசைவளித்தார். 1955இல் வெளியான ஆணை அதை நிலைப்படுத்தியது. திருச்சபை மீட்டுத் தந்த இரவை நாங்கள் நொடிக்கொரு முறை பகலாக்கிக்கொண்டிருந்தோம்.

மறு ஆண்டு ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டோம். நண்பர் ஒருவரிடம் 50 மி.மீ. லென்ஸ் இரவல் பெற்றோம். அதன் துளையை எஃப் 2 அளவுக்குத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 1600 என வைத்தபோது, முகத்தருகே பிடித்த ஒற்றைத் திரியின் ஒளியே 1/60 நொடிக்குப் போதுமானதாயிற்று. பழைய 400 வேகப் பிலிமாயின் 1/15 நொடி வேண்டும். அதற்குள் கை நடுங்கிவிடும். இருண்ட ஆலயம் முழுவதையும் அளந்தால் கருவி ஏமாந்து முகத்தை வெளுத்துவிடும் என்பதால், முகத்தை மட்டும் அளந்தோம். துளை அகன்றிருந்தால் தெளிவு மிகக் குறுகிய ஆழத்துக்குள் அடங்கிவிடும். எனவே கண்ணையே குறிவைத்தோம். தானாக நிறம் திருத்தும் அமைப்பு திரியின் பொன்னிறத்தைக் குறைத்துவிடுமாதலால், அதையும் நிறுத்தினோம்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது அசையாது நிற்பதுதான். ஒரு தூணில் சாய்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபின் பொத்தானை அழுத்தினோம். ஓடியாட முடியாததால், பல ஆண்டுகளில் முதன்முறையாக வாசகங்கள் எங்கள் செவியில் விழுந்தன.

மூன்றாம் வரிசையில் அம்மா, மின்விசிறிக் காற்றுக்குக் கையை அணைகொடுத்து நின்றார். விரலிடுக்குகள் செந்நிறமாய்த் தெரிந்தன. பக்கத்துச் சிறுமியின் திரியைப் பற்றவைக்க அவர் குனிந்த நொடியில் ஒரு படம் எடுத்தோம். முகம் தெளிவு, கை கலங்கியிருந்தது. பழுதென்று ஒதுக்கிவிட்டோம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் அம்மா இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்காகப் படம் தேடியபோது, ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் மூடியும் முகம் சுளித்தும் அவர் நின்ற படங்களே வரிசையாக வந்தன. இறுதியில், கை கலங்கிய அந்தப் படத்தையே பீடத்தருகே வைத்தோம். "உங்கம்மா இப்படித்தான் இருப்பாங்க" என்று அந்தச் சிறுமியின் பாட்டி நெடுநேரம் அதன்முன் நின்றார்.

அம்மா இருந்தவரை எந்தத் திருவிழிப்பிலும் அவர் அருகில் திரி பிடித்து நாங்கள் நின்றதில்லை. அந்த வருத்தத்தை எந்தப் படமும் ஆற்றவில்லை. இப்பொழுது தூணருகே நின்று பத்துப் படங்கள் மட்டும் எடுக்கிறோம். பின்னர் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, மூன்றாம் வரிசைக்குச் சென்று எங்கள் திரிகளை ஏற்றிக்கொள்கிறோம்.