அவள் அறையில் எங்கள் பெட்டிகள்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பைத் தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எழுத விரும்புவோர், முதலில் அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். 1971ஆம் ஆண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துப் புதுமணத் தம்பதியராக நாங்கள் தில்லியில் வந்து இறங்கியபோது, எங்களுடன் வந்தவை இரண்டு டிரங்குப் பெட்டிகளும் ஒரு ஹோல்டாலுமே. முதலில் குடியிருந்த ஒற்றை அறையில் அவையே எங்களுக்கு அலமாரி. மேலே ஒரு விரிப்பைப் போட்டால் விருந்தினர்க்கு இருக்கை. நவராத்திரி வந்து, வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் கொலுப்படியும் அவையே.

"ஊருக்குத் திரும்பும்போது" என்பது எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒலித்த மந்திரம். நல்ல பாத்திரம் ஒன்று வாங்கினால் அது ஊருக்குத் திரும்பும்போது புழங்குவதற்கு. நல்ல விரிப்பு ஒன்று கிடைத்தால் அதுவும் அப்படியே. இரண்டு பெட்டிகள் நான்காயின, நான்கு ஆறாயின. நாங்கள் வாழ்ந்தது தில்லியில். சேர்த்து வைத்ததோ இன்னும் தொடங்காத வேறொரு வாழ்வுக்கு. இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் தம் வீட்டையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துப் புன்னகை செய்யக்கூடும்.

1987இல் இராமகிருஷ்ணபுரத்தில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பு எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் ஒரே மகளுக்கு அப்போது 12 வயது. "இது உன் அறை" என்று பெருமையோடு அவளிடம் கூறினோம். கூறிய அன்றே ஆறு பெட்டிகளையும் அவ்வறையில் இறக்கினோம். ஒன்றில் குளிர்காலத்து ரஜாய்கள். ஒன்றில் கொலுப் பொம்மைகள். ஒன்றில் பட்டுப் புடைவைகள். இரண்டில் அவள் திருமணத்துக்கென்று மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்த்த எவர்சில்வர் பாத்திரங்கள். எஞ்சிய ஒன்றில் ஊருக்குத் திரும்பும்போது வேண்டியவை. பீரோவும் அங்கேதான், அரிசி மூட்டையும் அங்கேதான். இவ்வளவுக்கும் போக மிஞ்சிய இடத்தில் ஒரு கட்டிலும் ஒரு சிறு மேசையும். அவளுடைய உடைமை என்று சொல்லத்தக்கவை யாவும் கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன.

தில்லியில் தீபாவளிக்கு முன் வீடு முழுவதையும் துப்புரவு செய்வது வழக்கம். பழைய காகிதம் வாங்கும் கபாடிக்காரர் தெருவில் குரல் கொடுத்தவண்ணம் இருப்பார். 1989ஆம் ஆண்டு அப்படியொரு நாளில், மகள் பள்ளிக்குச் சென்றிருந்தபோது, ரஜாய்ப் பெட்டியை வெளியே இழுப்பதற்கு அந்த அட்டைப் பெட்டி இடையூறாக இருந்தது. திறந்து பார்த்தோம். உடைந்த வளையல் துண்டுகள், வழவழப்பான கூழாங்கற்கள், வாழ்த்து அட்டைகள், நூல் பிரிந்த பழைய நோட்டுகள். குப்பை என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. செய்தித்தாள் கட்டுகளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டோம்.

மாலையில் அவள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். செய்தியைச் சொன்னோம். அந்த நோட்டுகளுள் ஒன்றில் இரண்டாண்டுகளாகக் கதைகள் எழுதி வந்தாளாம், எங்களுக்குத் தெரியாது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பெரியவளானதும் எனக்கு வேணும்னு பெட்டி பெட்டியா வெச்சிருக்கீங்க. இப்போ எனக்கு வேண்டியதை வைக்க ஒண்ணுகூட இல்லையேம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்களுள் ஒருவர் உடனே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு முனீர்க்கா கிராமத்துப் பழைய காகிதக் கடைகளை நோக்கி விரைந்தார். மற்றவர் மகளின் அருகில் பேச்சின்றி அமர்ந்திருந்தார். விளக்கேற்றும் நேரம் கடந்து மிதிவண்டி திரும்பியது, நோட்டு திரும்பவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவ்வறையிலிருந்த அனைத்தையும் மாடித் தளத்து வெயிலில் கொண்டுபோய்ப் பரப்பினோம். எதை எங்கே வைப்பது என்பதை முதன்முறையாக மூவரும் கூடிப் பேசினோம். நாள்தோறும் வேண்டியவை கைக்கெட்டும் உயரத்தில். பருவத்துக்கு ஒருமுறை வேண்டியவை கட்டிலுக்கடியில். ஆண்டுக்கு ஒருமுறை வேண்டியவை பரணில் என்று வகுத்துக்கொண்டோம். கேட்பதற்கு எளிய விதி. ஆனால் அதுகாறும் எங்கள் வீட்டில் என்றேனும் ஒரு நாளுக்கு வேண்டியவையே கைக்கெட்டும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன என்பது அன்றுதான் விளங்கிற்று.

தில்லியின் தட்பவெப்பம் இரண்டு வாழ்க்கைக்குரிய துணிகளைக் கேட்பது. கோடையில் 45 பாகை வரை ஏறும் வெயில். தை மாதத்தில் எலும்பைத் தொடும் குளிர். கம்பளித் துணிகளை அழுக்கோடு மடித்து வைத்தால் அந்துப்பூச்சிக்கு அதுவே விருந்து. ஆகவே துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அந்துருண்டைகளைத் துணியில் முடிந்து இடையிலே வைத்தோம். பட்டுக்கு அந்துருண்டை ஆகாது; சரிகை கறுத்துவிடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிவைத்தால்தான் மடித்த இடத்தில் இழை விடாது. புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. மழைக்காலத்து ஈரமும் கரையானும் இராமபாணப் பூச்சியும் அவற்றைத் தேடி வரும். இவையெல்லாம் எங்களுக்கு முன்பே தெரிந்தவை. பட்டைக் காக்கத் தெரிந்திருந்தது. கம்பளியைக் காக்கத் தெரிந்திருந்தது. ஒரு சிறுமியின் நோட்டைக் காக்கத்தான் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கான பெட்டியை இறுதியில் திறந்தோம். பயன்படாத ஓர் அரிக்கேன் விளக்கு, அடி தேய்ந்த பித்தளைப் பானை, துணியில் சுற்றிய ஒரு நீண்ட இரும்புச் சாவி. அது எங்கள் ஊர் வீட்டுச் சாவி. அந்த வீடு 1979இலேயே கைமாறிவிட்டது. பத்தாண்டுகளாக, விற்றுவிட்ட வீட்டின் சாவியை மகளின் அறையில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தோம். அவளுடைய கதைகளை எடைக்குப் போட்டோம்! மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தவள் அவள்தான்.

அன்று மாலைக்குள் பாத்திரங்கள் பரணேறின. ரஜாயும் பட்டும் எங்கள் கட்டிலுக்கடியில் புகுந்தன. அரிசி மூட்டை சமையலறைக்குப் போயிற்று. நான்கு செங்கல் அடுக்குகளின்மேல் பலகைகளை வைத்து அவளுக்குப் புத்தக அலமாரி அமைத்தோம். காலியான பெட்டியைத் துடைத்து, காய்ந்த வேப்பிலை பரப்பி, புதிய பூட்டொன்றை மாட்டி, இரண்டு சாவிகளையும் அவளிடமே கொடுத்தோம். உள்ளே வைப்பதற்கென்று நல்ல தடித்த நோட்டு ஒன்றும் வாங்கித் தந்தோம். அவளைக் கேளாமல் அப்பெட்டியைத் தொடுவதில்லை என்பது வீட்டின் சட்டமாயிற்று.

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், ஓதலாந்தையார் பாடிய ஒரு பாட்டில், தலைவனோடு சென்றுவிட்ட மகள் விட்டுப்போன பந்தையும் பாவையையும் கழங்கையும் கண்டு தாய் ஏங்குகிறாள். பள்ளி நாள்களில் அதை உரையோடு படித்திருக்கிறோம். மகள் சென்ற பின்னர்தான் அந்தத் தாய்க்கு அப்பொருள்கள் பெரிதாகத் தோன்றினவோ என்று இப்போது எண்ணுகிறோம். மகள் வீட்டில் இருக்கும்போதே அவளுடைய பொருள்களைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. சற்றுத் தாமதமாகவேனும் கிட்டியது.

2002இல் அவளுக்குத் திருமணமாயிற்று, புணேயில் குடியேறினாள். நாங்கள் சேர்த்த பாத்திரங்களில் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தன் சமையலறையில் இடமில்லை என்றாள். 2008இல் பணி ஓய்வு பெற்று மயூர் விகாருக்கு மாறினோம். ஊருக்குத் திரும்பும் நாள் வரவேயில்லை. பூட்டிய பெட்டி மட்டும் எங்களுடனேயே வந்தது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் அதை வெளியே இழுத்துத் துடைப்போம், திறந்ததில்லை.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவள், தானாகவே சாவியைப் போட்டு எங்கள் முன்னிலையில் அதைத் திறந்தாள். கடிதங்கள், புகைப்படங்கள், ஒரு மரப்பாச்சி. எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள் வாங்கித் தந்த தடித்த நோட்டு. முதற்பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

"அதுக்கப்புறம் எழுதத் தோணலைம்மா" என்றாள், குறை கூறும் குரலில் அன்று. வேறு எதையோ தேடிக்கொண்டே, சாதாரணமாக.

அறையை ஒழுங்குசெய்தோம்; பூட்டும் சாவியும் தந்தோம்; தவற்றைத் திருத்திக்கொண்டோம் என்று 30 ஆண்டுகளுக்கு மேலாக நிறைவோடு இருந்தோம். திருத்தியது அறையை மட்டுமே என்பதை அந்த வெற்றுப் பக்கங்கள் உணர்த்தின. போனது போனதுதான்.

இம்மலரைப் படிக்கும் இளம் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்போது, உங்கள் மகளின் அறையையும் சற்று நின்று பாருங்கள். அங்கே அடுக்கியிருப்பவற்றுள் அவளுடையவை எத்தனை, அவளுக்கென்று நீங்கள் எண்ணிக்கொண்டவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குப்பை போன்ற ஏதேனும் கண்ணில் பட்டால், எடைத் தட்டில் வைப்பதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.