ஈத்0 எங்கே போச்சு?

லாஸ்பேட்டையில தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஜிஎஸ்டி, டேலி வேலை பாக்குறார். பி.காம் படிக்கிற நான் சாயங்காலம் அங்க போய் என்ட்ரி போடுவேன். கூடவே, "நீதான் கம்ப்யூட்டர் பையனாச்சே"ன்னு ஆபீஸ் நெட்வொர்க்கும் என் தலையில. ரவுட்டர் வாங்க காசில்லாம பழைய பெட்டி ஒண்ணுல டெபியன் போட்டு, ரெண்டு லேன் போர்ட் வச்சு, நானே ரவுட்டர் ஆக்கியிருந்தேன். (பெருமைதான், வேற என்ன!)

20ஆம் தேதி. மாசாமாசம் 3பி ரிட்டர்ன் போடுறவங்களுக்கு கடைசி நாள். தாண்டினா ஒரு நாளைக்கு 50 ரூபாய், வரி இல்லாத நில் ரிட்டர்னுக்கு 20 ரூபாய் லேட் ஃபீஸ். வரி பாக்கி இருந்தா 18% வட்டி வேற. அன்னிக்குப் பார்த்து மத்தியானம் அந்தப் பெட்டில புதுசா ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி சொருகினேன். நெட் செத்துச்சு. கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டு சண்டை போட்டதுதான் மிச்சம். தப்பு என்னோடதுன்னு ராத்திரி எட்டு மணிக்குத்தான் தெரிஞ்சுது.

லினக்ஸ்ல முன்னாடி எல்லா ஈதர்நெட் கார்டுக்கும் ஈத்0, ஈத்1னு பேர். எது முதல்ல கண்ணுல படுதோ அது 0. கார்டுகளைத் தேடுற வரிசை மாறினா பேரும் மாறிடும். இதுக்கு மருந்தா 2013ல சிஸ்டம்டி 197 வந்துச்சு. கார்டு எங்க உட்கார்ந்திருக்கோ அதுவே பேர். இஎன்பி3எஸ்0ன்னா, இஎன் ஈதர்நெட், பி3 பிசிஐ பஸ் 3, எஸ்0 ஸ்லாட் 0. சிஸ்கோவில ஜிகாபிட்ஈதர்நெட்0/1, ஜூனிபர்ல ஜிஇ-0/0/0ங்கிறதும் கிட்டத்தட்ட இதே கதைதான்: எந்தப் பலகை, அதுல எத்தனாவது ஓட்டை. அங்க பலகை எண் பெட்டி மேலயே அச்சடிச்சிருக்கும். நம்ம பிசியில பஸ் எண்ணை அது எழும்போதுதான் எண்ணிக் கொடுக்குது. புது எஸ்எஸ்டி நடுவுல புகுந்து 2ஐ எடுத்துக்கிச்சு. 2 ஆனது 3, 3 ஆனது 4!

இதுல நெட் போனது சின்ன விஷயம். என் ஃபயர்வால்ல இஎன்பி2எஸ்0 வெளி, இஎன்பி3எஸ்0 உள்ளே, உள்ளேயிருந்து வர்ற எதையும் நம்புன்னு எழுதியிருந்தேன். இப்ப 3ங்கிற பேர் வெளிக் கம்பிக்கு. அதாவது ஊரையே வீட்டுக்காரன்னு நம்பச் சொல்லி நானே எழுதி வச்ச மாதிரி. அண்ணனோட அத்தனை கஸ்டமர் கணக்கும் பின்னாடி. வயித்தக் கலக்கிடுச்சு. வெளிக் கம்பியை முதல்ல உருவிட்டு, அப்புறம்தான் ஃபைல்ல கை வச்சேன்.

கணக்குப் பதிவியல்ல முதல் வருஷமே சொல்லிக் குடுத்தாங்க: லெட்ஜர் ஃபோலியோ பக்க எண்தான், கணக்கோட பேர் இல்லை. புது லெட்ஜர் வாங்கினா பக்கம் மாறும், "வாடகைக் கணக்கு" மாறாது. எங்க ஊரையே பாருங்க. 1765லிருந்து 1777 வரை புதுச்சேரி கவர்னரா இருந்த ழான் லா பேர்லதான் லாஸ்பேட்டைன்னு சொல்வாங்க. ஆட்சியே மாறிப் போச்சு, பேர் நிக்குது. வீட்டு நம்பர் மட்டும் பழைய எண், புதிய எண்ணுன்னு ரெண்டு :-)

ஓப்பன்டபிள்யூஆர்டியும் 2021ல வந்த 21.02லிருந்து பல ரவுட்டர்கள்ல டிஎஸ்ஏன்னு மாறி, போர்ட்டுக்கு லேன்1, லேன்2, வேன்னே பேர் வைக்குது. நானும் ஒரு லிங்க் ஃபைல் எழுதி, கார்டோட மேக் முகவரியைப் புடிச்சு 'வெளி', 'உள்ளே'ன்னு (ஆங்கில எழுத்துலதான், 15 எழுத்து தாண்டக்கூடாது) பேர் வச்சிட்டேன். இதுலயும் ஒரு ஓட்டை உண்டு. கார்டு எரிஞ்சு புதுசு மாட்டினா மேக் மாறிடும். அதனால ரெண்டு மேக்கையும் ஒரு சீட்டுல எழுதி பெட்டி மேல ஒட்டியிருக்கேன்.

கடைசி ரிட்டர்ன் போகும்போது மணி 11:20. அண்ணன் சீட்டைப் பார்த்துட்டு, "எந்த ஒயர் எதுன்னு அதுலயே எழுதுடா"ன்னார். எழுதிட்டேன்.