பெனைன் பாதையில் ஒரு பாடம்

கடந்த ஆகஸ்ட் மாதம் மன்செஸ்டரில் வசிக்கும் அக்காவின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். "எங்கே போக விருப்பம்?" என்று அக்கா கேட்டார். "ஈடேலுக்கு" என்றேன். கடைத்தெருவை விட்டு ஒரு சின்னக் கிராமத்தைக் கேட்டதில் அவருக்கு ஆச்சரியம்.

காரணம் இருந்தது. பாடசாலை நாட்களில் 1500 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றவள் நான். இரண்டாவது பிள்ளை பிறந்த பின்னர் படியேறினாலே மூச்சு வாங்கியது. அதைவிட, 'இனி நமக்கு எதற்கு?' என்ற எண்ணம் மனதில் குடிகொண்டுவிட்டது. சமூக சேவையில் நான் சந்திக்கும் தாய்மார் பலர் சொல்லும் வார்த்தை இது. அவர்களுக்குத் தைரியம் சொல்லும் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

புகையிரதத்தில் முக்கால் மணி நேரப் பயணம். பச்சை மலைகளின் நடுவே கல் வீடுகளும் செம்மறி ஆடுகளுமாய் இருக்கிறது ஈடேல். 1965இல் திறக்கப்பட்ட 'பெனைன் வே' நடைபாதை இங்கிருந்து புறப்பட்டு, சுமார் 430 கிலோ மீற்றர் வடக்கே சென்று, ஸ்கொட்லாந்தின் கேர்க் யெத்தோம் கிராமத்தில் முடிகிறது. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில், பகல் வெறும் எட்டு மணித்தியாலமே நீடிக்கும் கடுங்குளிரில், இதே பாதையில் 'ஸ்பைன்' ஓட்டப் போட்டி நடைபெறுகிறது. முடிக்க வேண்டிய அவகாசம் ஏழு நாட்கள்.

2019இல் இப்போட்டியில் ஆண்களையும் முந்தி முதலிடம் பெற்றவர் ஜாஸ்மின் பாரிஸ் என்ற மிருக வைத்தியர். அப்போது அவருடைய மகளுக்கு வயது 14 மாதம். பிரசவத்தின் பின் மீண்டும் பயிற்சிக்குத் திரும்ப ஒரு தூண்டுதல் வேண்டுமென்றே போட்டிக்குப் பெயர் கொடுத்தாராம். வழியிலிருந்த தங்குமிடங்களில் தாய்ப்பாலைக் கறந்து எடுத்தார். சுமார் மூன்று மணித்தியாலமே தூங்கினார். களைப்பின் மிகுதியால் பாறைகளெல்லாம் மிருகங்களாகத் தெரிந்தனவாம். 83 மணித்தியாலம் 12 நிமிடத்தில் ஓடி முடித்தபோது, முன்னைய சாதனையைவிட 12 மணித்தியாலம் குறைந்திருந்தது. முடிவிடத்தில் கணவரும் மகளும் காத்திருந்தனர். அந்த நேரச் சாதனை 2024இல் முறியடிக்கப்பட்டது. ஆனால், ஒரு பெண் முழுப் போட்டியையும் வென்றது அதுவே முதல் தடவை.

இந்தக் கதையை நினைத்துக்கொண்டே கிண்டர் மேட்டுநிலத்தை நோக்கி ஏறினேன். 'ஜேக்கப்ஸ் லாடர்' எனப்படும் செங்குத்தான கற்படிகளின் பாதியில் கால்கள் மறுத்துவிட்டன. உட்கார்ந்துவிட்டேன். கைத்தடியுடன் வந்த ஒரு மூதாட்டி புன்னகைத்தபடி என்னைக் கடந்து போனார். எழுபதைத் தாண்டியிருப்பார். பல வருடங்களாக என்னிடம் இல்லாத ஓர் உணர்வு திடீரென எட்டிப் பார்த்தது: 'இவரை முந்த வேண்டும்!'

முந்த முடியவில்லை. நான் மேலே சென்றபோது, ஊதா நிறத்தில் பூத்திருந்த ஹெதர் செடிகளின் அருகே அவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு பிஸ்கட் நீட்டினார். கிராமத்திலிருந்து மேலே வர எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த வாரம் மீண்டும் போனேன். இருபது நிமிடம் குறைந்திருந்தது. இம்முறை நான் முந்தியது, போன வாரத்து என்னைத்தான்.

ஜாஸ்மின் பாரிசுக்கும் எல்லாம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலக் காடுகளில் நடக்கும் 'பார்க்லி' ஓட்டத்தை 2022இலும் 2023இலும் அவரால் முழுமையாக முடிக்க முடியவில்லை. இரு பிள்ளைகளின் தாயான அவர், 2024 மார்ச்சில் மூன்றாம் முறை முயன்று, 60 மணித்தியால அவகாசத்தில் 99 விநாடிகளே மீதமிருக்க அதை முடித்த முதற்பெண் ஆனார்.

சகோதரிகளே, தன்னம்பிக்கை வந்த பிறகு புறப்படலாம் என்று நாம் காத்திருக்கிறோம். புறப்பட்ட பிறகுதான் அது வருகிறது. நாட்டுக்குத் திரும்பிய பின், வாரத்தில் மூன்று நாட்கள் விடிகாலையில் வயல்வெளிப் பாதையில் ஓடுகிறேன். அந்த அரை மணி நேரம் பிள்ளைகள் கணவரின் பொறுப்பு. முதல் நாள் அதைக் கேட்கத் தயங்கினேன். கேட்டபோது, "இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்றார் அவர்.