அண்ணன் அரசாங்கம் இல்லை

"ரிட் போடலாமா?" என்றுதான் முதலில் கேட்டேன். தக்கலையில் என் வழக்கறிஞரின் சின்ன அறை. அவள் ஒருகாலத்தில் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவள். இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

அப்பாவின் விளை எழுபது சென்ட். தென்னை, நாலு பலா, மேட்டில் கொஞ்சம் ரப்பர். அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவும் போனபிறகு அண்ணன்மார் இருவரும் தங்களுக்குள் பாகப்பத்திரம் பதிந்துகொண்டார்கள். பட்டாவும் மாறியது. வில்லங்கம் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரியும். கேட்டதற்கு, "உனக்குத்தான் நகை போட்டு அனுப்பினோமே" என்றார் பெரியண்ணன்.

ரிட் என்று நான் சொன்னதற்குக் காரணம் மேரி ராய். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் திருவிதாங்கூர்ப் பகுதி. அங்கே 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத தகப்பன் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. அதுவும் சீதனம் என்ற பெயரில். எல்லை மாறி நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தோம். ஐயாயிரமும் கூடவே வந்தது. அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறதா என்று எழுபதுகளில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது. தனி நீதிபதி இல்லை என்றார். இரு நீதிபதி அமர்வு அதை மாற்றியது. மேரி ராய் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவைப் பிடித்து நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரியில், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. சமத்துவம் பற்றிய 14ஆம் பிரிவுக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. பல பெண்கள் அதைக் கவனிப்பதில்லை. நானும் வகுப்பில் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

தாத்தா சொத்தில் அம்மாவுக்கும் அந்தத் தீர்ப்பால் பங்கு உண்டு. அம்மா கேட்கவில்லை. "மக்களே, தம்பிமாரு மேல கேசு போட்டா நான் செத்தா தலைமாட்டுல யாரு நிப்பா?"

என் மாணவி சிரிக்காமல் சொன்னாள்: "டீச்சர், உங்க அண்ணன் அரசாங்கம் இல்ல. மேரி ராய் எதிர்த்தது சட்டத்தை. அந்தச் சண்டை முடிஞ்சாச்சு. நகை போட்டதைக்கூடப் பங்குல கழிக்க முடியாது, வாரிசுரிமைச் சட்டம் 49ஆம் பிரிவு. இப்போ உங்களுக்கு வேண்டியது விளை." மேரி ராயும் ஜெயித்த பிறகு கீழ்க் கோர்ட்டுக்கு வந்து வழக்கு நடத்தினார் என்பதையும் நினைவூட்டினாள். சொத்து அவர் கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நான் விடவில்லை. பட்டா மாற்றியது அதிகாரி தானே, அதை எதிர்த்து மதுரைக் கிளையில் 226ஆம் பிரிவில் போகலாமே? போகலாம்தான். ஆனால் பட்டா உரிமைப்பத்திரம் அல்ல; யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறை ரிட்டில் பெரும்பாலும் விசாரிக்கமாட்டார்கள், சிவில் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். "அங்கயும் அண்ணன்மாரைச் சேர்த்துத்தான் ஆகணும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. சட்ட அறிவால் அல்ல, எதிர்த்தரப்பில் ஒரு பதவியின் பெயர் இருக்குமே என்றுதான் ரிட்டைக் கேட்டேன். வட்டாட்சியர் என்று எழுதுவது எளிது. அண்ணன் பெயருக்கு முன்னால் பிரதிவாதி என்று எழுதக் கை வரவில்லை. பெண்ணுரிமை பற்றி மேடையில் பேசுகிறவள்தான் நான்.

பாகப்பிரிவினை வழக்கு பத்மநாபபுரத்தில். முதலில் பங்கு இவ்வளவு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை. அதன்பின் நிறைவேற்று மனு. ஒவ்வொன்றுக்கும் மேல்முறையீடு இருக்கிறது.

வழக்குரையில் ஒரு வரி என்னை நிறுத்தியது: வாதியும் பிரதிவாதிகளும் சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருகிறார்கள். "பொய்யல்லவா? தேங்காய்கூட வருவதில்லையே." அவள் விளக்கினாள்: ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாருடைய அனுபவம் என்பது சட்டத்தின் கணக்கு. கூட்டு அனுபவம் என்றால் நிர்ணயித்த சிறு கட்டணம். வெளியே தள்ளிவிட்டார்கள் என்று எழுதினால் என் பங்கின் சந்தை மதிப்புக்குத் தக்கபடி கட்ட வேண்டும். அடித்து வெளியேற்றப்பட்டவளுக்குத்தான் கட்டணம் அதிகம்.

கையெழுத்துப் போட்டேன். சம்மன் போன அன்று ராத்திரி மதினி போனில் அழுதாள். அண்ணன் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து இருமுவது மட்டும் கேட்டது.