ஸ்வீனி டாட்: கோரஸ் எங்கே போச்சு?

ஸ்வீனி டாட் நாடகத்தை உயிராக நேசிப்பவர்களிடம் டிம் பர்ட்டனின் 2007 படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஜானி டெப்பின் குரலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அது பாட்டா, முணுமுணுப்பா என்பார்கள். பாவம் டெப்! கேமரா முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும்போது, 1979-ல் பிராட்வேயில் லென் கேரியூ செய்தது மாதிரி கடைசி வரிசை வரை கேட்கப் பாடினால் காது தாங்குமா? குரலில் தகராறு இல்லை. தகராறு வேறு இடத்தில்.

கோரஸைக் காணோம்.

பொய் வழக்கில் நாடு கடத்தப்பட்ட சவரக்காரன் லண்டனுக்குத் திரும்பிப் பழிவாங்கும் கதை. ஸ்டீஃபன் சாண்ட்ஹைமின் நாடகத்தில் அந்தக் கதையை ஊர்க்கூட்டமே பாடித் தொடங்கி வைக்கும். நடுநடுவே வந்து உசுப்பும். முடிவில் பார்வையாளர்கள் பக்கமே விரலை நீட்டும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனும் தப்ப முடியாது! படத்திலோ அந்தப் பாட்டின் மெட்டு மட்டும் டைட்டிலில் வாத்தியமாக வந்து போகிறது. (கிறிஸ்டோபர் லீயைப் பாட வைத்துப் பதிவு செய்துவிட்டு வெட்டிவிட்டார்கள். யாருக்கு மனசு வந்ததோ!)

சிரிப்பும் குறைந்துவிட்டது. பிணத்தை ஏன் வீணாக்க வேண்டும், பை செய்து விற்கலாமே என்று திருமதி லவெட் கணக்குப் போடும் பாட்டு இருக்கிறதே... மூலப்பொருள் செலவு பூஜ்யம், லாபம் கொள்ளை! அரங்கில் கூட்டத்தோடு கூட்டமாக விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இடைவேளைக்கு எழும்போதுதான், எதற்குச் சிரித்தோம் என்று உறைக்கும். படத்தில் அந்தக் குற்ற உணர்ச்சிக்கே வழியில்லை.

ஆனால் ஓர் இடத்தில் படம் மேடையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. சிறுவன் டோபி, உன்னைக் காப்பாற்றுவேன் என்று லவெட்டிடம் பாடுகிறான். இவனையும் விட்டுவைக்க முடியாது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிடுகிறது. ஹெலனா பான்ஹம் கார்ட்டரின் கண்கள் கலங்குவது அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது. எந்த அரங்கின் பின்வரிசைக்கும் கிடைக்காத காட்சி இது.

கடைசியில் மனைவியின் உடலைத் தாங்கியபடி டாட் செத்துக் கிடக்கிறான், ரத்தம் பரவுகிறது, திரை இருண்டுவிடுகிறது. 'அய்யோ பாவம் அந்த ஆள்' என்று சொல்லிக்கொண்டே எழுந்து போகலாம். விரல் நீட்டத்தான் ஆளில்லை.