நேரம் மறக்காத பிபிசி மைக்ரோ



1984-85-ல் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் நினைவிருக்கிறதா? சுவிட்சைப் போட்டதும் பூஜ்ஜியத்திலிருந்து நேரத்தை எண்ணும், அணைத்தால் மறந்துவிடும். என்னிடம் இருப்பதில் பழைய மாணவன் ஒருவன் கடிகாரச் சிப் பொருத்திக் கொடுத்தான். அதற்கான குவார்ட்ஸ் கிரிஸ்டல் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள், 1 வரும். அதுதான் ஒரு நொடி! கரண்ட் போனாலும் ஒரு பட்டன் பேட்டரி அதைப் பல ஆண்டு ஓட்டும்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் உள்ளிருக்கும் பேட்டரியைப் பாருங்கள்; கசிந்தால் போர்டையே அரித்துவிடும். கழற்றிய பட்டன் பேட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து; உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.