லூசெர்ன்: ஒரு நிமிடம் முந்தும் ஊர்

சூரிக்கிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லூசெர்ன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஏரி. சற்று நடந்தால் ராய்ஸ் ஆற்றின் மேல் கூரை வேய்ந்த சேப்பல் மரப்பாலம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

கூரையின் கீழ், முக்கோணப் பலகைகளில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். 1993 ஆகஸ்டில் மூண்ட தீயில் பெரும்பாலானவை கருகிவிட்டன. எட்டே மாதங்களில் பாலம் திரும்ப எழுந்தது. ஓவியங்கள் எல்லாம் திரும்பவில்லை. சில இடங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. படம் எடுத்துக்கொண்டே வந்த கணவர் அங்கே நின்றுவிட்டார்.

"புதுசா வரைஞ்சு மாட்டியிருக்கலாமே?"

"மாட்டியிருந்தா, எரிஞ்சதே நமக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."

ஊரின் சிங்கச் சின்னமும் இழப்பைத்தான் சொல்கிறது. 1792இல் பாரிஸ் அரண்மனையைக் காத்து மடிந்த சுவிஸ் காவலர்களுக்காக, உயிர் பிரியும் சிங்கத்தைப் பாறையில் செதுக்கி 1821இல் திறந்தார்கள். வெற்றிக்குச் சிலை வைக்கும் உலகில் இது அபூர்வம்.

மனம் கனத்தால் மூசெக் மதிலில் ஏறுங்கள். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும் என்பதால் மாதம் பார்த்துப் போங்கள். மொத்தம் ஒன்பது கோபுரங்கள். ஒன்றில் உள்ள 1535ஆம் ஆண்டுக் கடிகாரத்துக்கு, ஊரின் மற்றக் கடிகாரங்களைவிட ஒரு நிமிடம் முன்னதாக மணி அடிக்கும் உரிமை உண்டு. நொடி பிசகினாலே பதறும் வானொலிக்காரி எனக்கு, அது ஏரியைப் பார்த்திருக்கக் கிடைத்த உபரி நிமிடம்!